ஒரு பக்கத்துக்குக் குறையாமல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை நாலைந்து பேரைக் கூப்பிட்டு, சொந்தமாக எழுதிய கதையை வாசிக்கச் சொல்வார்கள். நூலகர் போனில் கேட்டபோது ஏதோ ஞாபகத்தில் "சரி" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். வெள்ளிக்கிழமை மாலை, முன்னால் போய் நின்று, வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

"எத்தனை பக்கம் இருக்கணும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒன்னுமில்லைங்க. ஒரு பக்கத்துக்குக் கொறையாம இருந்தா போதும்" என்றார்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினேன். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இது.

எண் போட்டு எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ புதுமை செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறு. ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். (இப்போதே சொல்லிவிட்டால் ஐந்தாம் பகுதியில் எழுத ஒன்றும் இருக்காது.)

2

ஆரம்பம் ஒன்று: "வானம் மேகமூட்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தின் பழைய மணி—"

அடித்துவிட்டேன். அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று யார் கண்டது? நாங்கள் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். இருந்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று படிக்கவும்.

ஆரம்பம் இரண்டு: "கல்வி என்பது மனித வாழ்வில் இன்றியமையாத—"

பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய எல்லாக் கட்டுரைகளும் இப்படித்தான் ஆரம்பிக்கும். 'நான் பார்த்த ஒரு சாலை விபத்து' கூட இப்படித்தான் ஆரம்பித்தது. வேண்டாம்.

ஆரம்பம் மூன்று: "ஆங்கில டீச்சருக்குச் செவ்வாய் என்று பெயர்."

இது உருப்படும். இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

ஆங்கில டீச்சருக்குச் செவ்வாய் என்று பெயர். வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியடில் வாங்கிக்கொண்டு போகிற அசைன்மென்ட்டைச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது காகிதம் சிவந்திருக்கும். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. கேன்டீன் விலைப்பட்டியலைத் திருத்தியவர். ஒருமுறை காய்ச்சல் என்று ஒருவன் கொடுத்த லீவு லெட்டரை ஏழு இடத்தில் திருத்தி, அடியில் 'சீக்கிரம் குணமாகு' என்று எழுதி, திரும்ப எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அவன் காய்ச்சலோடு எழுதிக்கொண்டு வந்தான்.

வருஷத்தின் முதல் நாளே கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, மேலே 'அழிக்காதே' என்று எழுதி, உள்ளே ஓர் ஒப்பந்தம் எழுதியிருந்தார்.* வெள்ளிக்கிழமைதோறும் மாணவர்கள் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதித் தர வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் டீச்சர் அதைத் திருத்தித் தர வேண்டும். டீச்சர் கெடு தவறினால் அந்த வாரம் அசைன்மென்ட் கிடையாது.

"இருபத்திரெண்டு வருஷமா இந்தக் கட்டத்தப் போடுறேன். ஒரு தடவகூட நான் லேட்டானதில்ல" என்றார்.

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

(* எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பிள்ளைகள் எழுதியதும் ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். அவர்கள் செய்த தப்புகளை மட்டும் மொழிபெயர்க்க முடியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

4

அந்த வகுப்பில் வக்கீல் என்று ஒருவன் இருந்தான். ஒரு வேலையைச் செய்யாமல் தப்பிப்பதற்காக அதைப்போல் இரண்டு மடங்கு வேலை செய்கிற ஜாதி. ஆறாவது வாரம் புதன்கிழமை, இடைவேளையில் பெஞ்சு மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் அந்தக் கட்டத்த நல்லாப் படிச்சுப் பாருங்க. ஒரு பக்கத்துக்குக் கொறையக் கூடாதுன்னு போட்டிருக்கு. எத்தனை பக்கத்துக்கு மேல போகக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"அதனால என்னடா?"

"நாம முப்பத்தெட்டு பேர். ஆளுக்குப் பத்துப் பக்கம் எழுதுவோம். செவ்வாய்க்குள்ள அவங்களால திருத்தி முடிக்க முடியுமா? முடியாது. ஏழாவது வாரம் அசைன்மென்ட் கெடையாது!"

"பத்துப் பக்கமா? எனக்கு ஒரு பக்கத்துக்கே கை வலிக்குது."

"அடுத்த வாரம் அந்த ஒரு பக்கமும் எழுத வேணாம்ல?"

அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதாமல் இருப்பதற்காக இந்த வாரம் பத்துப் பக்கம் எழுதுவது என்று முப்பத்தெட்டு பேரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். கணக்கு டீச்சர் மட்டும் அந்த நேரத்தில் அந்த வழியாக வந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

5

இப்போது கதாநாயகி வர வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஏனென்றால் அவளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான்—

அவளுக்கு மறுபடி என்று பெயர். வயது பதினாறு. வாசிக்கும்போது அவளுக்கு வரி தவறும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசித்தபோது ஒரே பத்தியை மூன்று தடவை வாசித்துவிட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, 'இன்னொரு தரம் வாசிக்கட்டும்' என்று விட்டுவிட்டார்கள். நாலாவது தடவை ஆரம்பித்தபோது மணி அடித்தது, மொத்த வகுப்பும் வெடித்தது. அன்றிலிருந்து மறுபடி.

ஆண்டின் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டிய பட்டியலில் ஏழாவது வாரத்துக்கு நேராக இப்படி இருந்தது: 'வீட்டில் ஒருவர் செய்யும் வேலை. எழுதி, எல்லார் முன்னாலும் நின்று வாசிக்க வேண்டும்.' ஆறு வாரமாக மறுபடி அந்த வரியைப் பார்க்காமல் அந்தச் சுவரைத் தாண்டிப் போகப் பழகியிருந்தாள். வக்கீலின் திட்டம் பலித்தால் மற்றவர்களுக்கு ஒரு பக்கம் மிச்சம். அவளுக்கு உயிர் மிச்சம்.

எண் போட்டதற்குக் காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை நூலகத்தில் வாசிக்கும்போது வரி தவறினால், எந்த எண்ணில் இருந்தேன் என்று பார்த்துத் திரும்பி வந்துவிடலாம். ஆம், கதாநாயகிக்கு இருக்கும் அதே வியாதி கதாசிரியைக்கும் இருக்கிறது. தற்செயல்.

6

ஆங்கில டீச்சருக்குச் செவ்வாய் என்று பெயர். வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியடில் வாங்கிக்கொண்டு போகிற—

(இதை மூன்றிலேயே சொல்லிவிட்டேன். பார்த்தீர்களா? எண் எவ்வளவு உபயோகம்!)

ஆறாவது வாரத் தலைப்பு 'என் ஒரு நாள்.' வியாழக்கிழமை முழுக்க அந்த ஊரில் அசாதாரணமான காட்சிகள் தென்பட்டன. பஸ்ஸில் ஒருவன் எழுதிக்கொண்டே வந்து தன் நிறுத்தத்தைத் தவறவிட்டான். தவறவிட்ட நிறுத்தத்தையும், அதற்குப் பின்னால் வந்த பதினொரு நிறுத்தத்தையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டான். வாலிபால் ஆடுகிறவள் ஒரு மேட்ச்சைப் புள்ளி புள்ளியாக எழுதினாள். இன்னொருவன் தன் நாயோடு பேசியதை எழுதினான். நாயின் பதில் 'லொள்' என்று மட்டும் இருந்தாலும் ஒவ்வொரு லொள்ளுக்கும் தனித்தனி வரி கொடுத்திருந்தான்.

மறுபடியின் அம்மா சலவைக் கடை வைத்திருந்தாள். தேய்த்த சட்டைகள் ஹேங்கரில் வரிசையாகத் தொங்கும் இடத்துக்குக் கீழே, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஒரு பக்கம் எழுதச் சொன்னா வயித்த வலிங்குற ஆளு நீ. மத்தியானத்துலேந்து குனிஞ்ச தல நிமிரல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அசைன்மென்ட்மா."

"எத்தனை பக்கம் கேட்டாங்க?"

"ஒன்னு."

அம்மா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். சூடு கை அது. எல்லார் நெற்றியும் அந்தக் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும். "காய்ச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டைக்குப் போய்விட்டாள்.

பத்தாம் பக்கத்தில் மறுபடி தூங்கிவிட்டாள். கட்டுரையில்தான். காலையில் எழுந்து, பல் விளக்கி, ஒவ்வொரு பல்லையும் தனியாக வர்ணித்து, பள்ளிக்கூடம் போய் வந்து, படுத்தும் ஆயிற்று. நாள் முடிந்துபோனது. ஆனால் அவளுக்குப் பத்துப் பக்கம் போதும் என்று தோன்றவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் வந்தவளுக்குச் சாண் என்ன, முழம் என்ன?

நானூறு பக்கத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு பதினொன்றாம் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், வாய்க்கு வந்ததை எழுதினாள்:

'மிஸ், எழுத ஒன்றும் மிச்சமில்லை. உங்களை லேட்டாக்கத்தான் நாங்கள் எல்லாரும் இப்படி எழுதுகிறோம். அடுத்த வாரம் என்னைக் கூப்பிடாதீர்கள். நான் வாசித்தால் வரிகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன. அம்மா கடையில் சட்டைகளுக்கு வாசித்துக் காட்டிப் பழகுகிறேன். சட்டைகளுக்கு மட்டும்தான் என்னால் வாசிக்க முடியும். சட்டைகள் சிரிக்காது.'

அப்புறம் பன்னிரண்டிலிருந்து பதினேழாம் பக்கம் வரை தலைக்கு மேல் தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக வர்ணித்தாள். மொத்தம் அறுபத்து மூன்று சட்டை.

வெள்ளிக்கிழமை டீச்சர் மேஜை மேல் இருந்த பெட்டியில் பேப்பரைப் போட்டு, கையை வெளியே எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. செவ்வாய் லீவு லெட்டரையே விடாதவர். பதினொன்றாம் பக்கத்தை விடுவாரா? சதியைத் தானே எழுதிக் கொடுத்தாயிற்று. முப்பத்தேழு பேரையும் காட்டிக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் சட்டை விஷயம் வேறு. நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு—

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

7

டீச்சர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். கதாசிரியர் சங்கத்தில் இதற்கு அனுமதி உண்டு.

சனிக்கிழமை காலை. சமையலறை மேஜை மேல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டைத் தூக்கிப் பார்த்தார். எடை பார்ப்பது அவருக்குத் தொழில்.

"ஏம்மா, இது அசைன்மென்ட்டா, வருஷக் கணக்கா? இத எடுத்துக்கிட்டு லிஃப்ட்ல ஏறாத."

"பிள்ளைங்க எழுதியிருக்காங்க!" என்றார் டீச்சர். குரலில் பயம் இல்லை. பூரிப்புத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பக்கத்தைப் பல்லைப் பிடுங்குவது போலப் பிடுங்கியவருக்கு, ஒருவன் நாயைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தால் எப்படி இருக்கும்?

ஞாயிறு முழுக்கத் திருத்தினார். திங்கட்கிழமை பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது திருத்தினார். நாயின் லொள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டார்.

(பல் டாக்டரை நான் சேர்த்தேன். இதை எழுதும்போது எனக்குப் பல்வலி. வலியை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.)

கடைசியாக மறுபடியின் பேப்பர். பத்தாம் பக்கம் முடிந்தது. பதினொன்றைத் திருப்பினார். அப்போது அவர் முகம்—

இதை எழுத மாட்டேன். மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை அழுதார். மூன்றாம் தடவை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கதையில் வருகிற ஆட்களுக்கு ஒன்றும் ஓடவில்லை என்றால் உடனே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். மூன்றும் பொய். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

8

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியட். டீச்சர் உள்ளே வந்தார். வழக்கமாக ஒரு துணிப்பை, அன்றைக்கு இரண்டு. நடுவிரலில் பிளாஸ்திரி. வக்கீலின் முகம் சுருங்கியது.

பேர் கூப்பிட்டுப் பேர் கூப்பிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பேப்பரும் வரி விடாமல் சிவந்திருந்தது. பஸ் நிறுத்தக்காரனுக்கு, 'நாலாவது நிறுத்தத்தை விட்டுவிட்டாய், நான் அங்கேதான் இறங்குவேன்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பிள்ளைகள் வாங்கிப் பார்த்து, வக்கீலை முறைத்தார்கள். பத்துப் பக்கமும் வீண்.

மறுபடி நிமிரவில்லை. அவளை இன்னும் கூப்பிடவில்லை. கடைசியில் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் பதினொன்றாம் பக்கத்தை வாசிக்கச் சொல்லப் போகிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எந்தச் சுவர் வழியாக ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பையை மடித்தார்.

வக்கீல் மெதுவாக எழுந்தான். "மிஸ், நாங்க முப்பத்தெட்டு பேர் குடுத்தோம். முப்பத்தேழுதான் வந்திருக்கு."

"தெரியும். ஒன்னு இன்னும் முடிக்கல."

வகுப்பு மொத்தமும் வக்கீலைத் திரும்பிப் பார்த்தது.

"ஒரே ஒன்னுதான் மிஸ். அது... லேட்டுதானே?" கேட்கிறவனுக்கே நம்பிக்கை இல்லை. வாதாடிப் பழக்கம் உண்டே தவிர ஜெயித்துப் பழக்கமில்லை.

"ஒன்னுன்னாலும் லேட்டு லேட்டுதான்" என்றார் டீச்சர். சிவப்புப் பேனாவை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலிடம் போய், ஏழாவது வாரத்தின் மேல் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

அப்போது எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "யாருக்குடா வரல? யாரோடது?" என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். மறுபடி கையைத் தூக்கினாள். பாதி வரைதான் தூக்க முடிந்தது.

"எத்தனை பக்கம்டி எழுதின?"

"பதினேழு."

"பதினேழா!"

அவளைத் தூக்கி டெஸ்க் மேல் நிறுத்திவிட்டார்கள். "பதினேழு! பதினேழு!" என்று கத்தினார்கள். இரண்டு வருஷமாக ஒட்டியிருந்த பெயர் ஒரே பீரியடில் உதிர்ந்துபோனது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் மறுபடியை யாருக்கும் தெரியாது. பதினேழைத்தான் தெரியும்.

டீச்சர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கட்டத்துக்குள் ஒரு வரி சேர்த்தார்: இனி இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது.

"அநியாயம் மிஸ்! ரெண்டு பக்கம் எப்படிப் பத்தும்?" என்று கத்தினான் நாய்க்காரன். "என் நாய் இன்னும் பேசி முடிக்கல!"

9

அடுத்த செவ்வாய்க்கிழமை, வகுப்பு கலைந்த பிறகு, பதினேழின் மேஜை மேல் பேப்பர் இருந்தது.

முதல் பத்துப் பக்கமும் ரத்தக்களரி. பல் விளக்கிய பத்தியில் மட்டும் முப்பத்தொன்பது திருத்தம். பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை அதே கதி. அறுபத்து மூன்று சட்டையும் சிவந்துவிட்டன. நடுவில் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு புள்ளி கிடையாது. குறைந்தது நாற்பது தப்பு இருந்திருக்கும். அவள் தன் பெயரைக்கூட அதில் தப்பாக எழுதியிருந்தாள். கேன்டீன் விலைப்பட்டியலை விடாத பேனா அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட லேட்டாகாதவர்.

எனக்கு அப்போது அழத்தான் தோன்றியது. ஆமாம், எனக்குத்தான். ஐந்தாம் பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்ததற்கு நன்றி.

10

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: எட்டாவது வாரம் அவள் தானாகவே எழுந்து நின்று வாசித்தாள், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. சுத்தப் பொய் என்பதும் அப்போதே தெரிந்தது.

இரண்டு: பல வருஷம் கழித்து டீச்சரை ஒரு பஸ் நிறுத்தத்தில் சந்தித்து— உலகத்தில் எந்த டீச்சர்தான் கதைகளில் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் இருந்திருக்கிறார்? வேண்டாம்.

மூன்று: அவள் அதற்குப் பிறகு யார் முன்னாலும் வாசிக்கவே இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குப் போனாள். வாய் திறக்க வேண்டாத வேலை. சிவப்புப் பேனா. இருபத்தாறு வருஷம். இதுதான் உண்மை, நூலகர் போன் பண்ணும் வரைக்கும்.

நேற்று அவர் மறுபடியும் போன் பண்ணினார். "உங்க கதை எத்தனை பகுதி? ஒரு அம்மா போன் பண்ணிக் கேட்டாங்க. வயசானவங்க. பேரு சொல்லல."

"பதினொன்னு" என்றேன்.

"நீங்க முன்னாடி சொன்னத வச்சு நானும் அப்படித்தான் ஞாபகம்னு சொன்னேன். அவங்க அதைக் குறிச்சுக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், 'பதினொன்னா? அப்ப முழுசா இருந்து கேட்டுட்டே போறேன்'னாங்க. அப்படியே நம்ம வாசல்ல ஒட்டியிருக்குற நோட்டீஸ்ல ரெண்டு எழுத்துப்பிழை இருக்குன்னும் சொன்னாங்க."

இதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. சேர்த்தது பல் டாக்டர் மட்டும்தான்.

11

இந்தப் பகுதியை நான் திருத்தவில்லை. தொழிலுக்குத் துரோகம், தெரியும். பேனாவை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

அம்மாவிடம் வெள்ளிக்கிழமை வாசிக்கப் போகிறேன் என்று சொன்னேன். கடையை எப்போதோ மூடியாயிற்று. ஆனாலும், "நான் வேணும்னா நாலு சட்டையத் தேச்சு எடுத்துட்டு வந்து, பின்னாடி மாட்டி வைக்கட்டுமாடி?" என்று கேட்டாள். நான் சட்டைகளுக்கு வாசித்தது அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து நான் வாசித்ததையெல்லாம் தேய்ப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை, பின்சுவரில் நாலு சட்டை தொங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். நான் வரி தவறி மூன்றாம் பகுதிக்கே திரும்பப் போய்விட்டால், சத்தமாக "பதினொன்னு!" என்று சொல்லுங்கள், வந்துவிடுவேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்காமல் இருக்கத்தான் சட்டைகள் இருக்கின்றன.

நான் எழுந்து நின்றேனா, வாசித்தேனா, ஓடினேனா, எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் இதை எழுதும் செவ்வாய்க்கிழமையில் இன்னும் நடக்கவில்லை. அதனால் என்னிடம் முடிவு கேட்காதீர்கள். இன்னும் முடிக்கல. நடப்பதை நீங்கள்தான் பார்ப்பீர்கள். பார்த்து எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்குக் குறையாமல்.